பூட்டானுக்குக் குழு அழைத்துச் செல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று பல ஊர்களிலிருந்து நீங்கள் பூட்டானுக்குக் குழு கூட்டிப் போகிறீர்கள். ஓய்வுபெற்ற தம்பதிகள், கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு கிளம்பும் குடும்பங்கள் என்று இமயமலையை முதன்முறையாகப் பார்க்கும் எத்தனையோ பேருக்கு நீங்கள்தான் துணை. பாக்டோக்ரா விமான நிலையத்தில் இறங்கியவர்களை எல்லை ஊரான ஜெய்காவ் வரை கொண்டுசேர்ப்பது, எல்லைக்கு அப்பால் புன்ட்ஷோலிங்கில் அனுமதி வாங்குவது, முழங்கால் வலிக்காரருக்குக் கீழ்த்தளத்தில் அறை பிடிப்பது எதுவும் லேசான வேலை இல்லை. அந்த மதிப்போடுதான் இதை எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியவை உங்கள் பயணத் திட்டங்கள். பூட்டானுக்குப் போக நினைக்கும் நண்பர்கள் இவற்றை எனக்கு அனுப்பி, "எது நல்லது?" என்று கேட்பார்கள். பெயரும் விலையும் மாறுமே தவிர உள்ளே இருப்பது ஒன்றுதான். தலைப்பில் "பூட்டான் பண்பாட்டுச் சுற்றுலா" என்று இருக்கும். பாரோவில் இரண்டு இரவு, திம்புவில் இரண்டு, புனாகாவில் ஒன்று, அதோடு ஊர் திரும்பல். ஒரே நாளில் ஏழெட்டு இடம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "பார்வையிடல்" என்ற ஒரே சொல். பண்பாடு என்று தலைப்புப் போட்டுவிட்டு, அந்த மக்களோடு உட்கார்ந்து பேசவோ, ஒரு சடங்கை முழுதாகப் பார்க்கவோ ஒரு மணி நேரம்கூட ஒதுக்காத திட்டங்கள் இவை. என் வேண்டுகோள் சுருக்கமானது: இடங்களைக் குறையுங்கள், இரவுகளைக் கூட்டுங்கள், கைடைப் பேச விடுங்கள், பெலே லா கணவாயைத் தாண்டிக் கிழக்கே போங்கள்.

பூட்டான் வெளியாருக்குக் கதவைத் திறந்ததே 1974இல், நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக்கின் முடிசூட்டு விழாவை ஒட்டித்தான். நிறையப் பேர் வர வேண்டாம், வருபவர்கள் நின்று பார்க்கட்டும் என்பதே அன்றிலிருந்து அவர்கள் கொள்கை. 2017 கணக்கெடுப்பின்படி அங்கே மக்கள்தொகை சுமார் 7.27 லட்சம். 2019இல் வந்த பயணிகள் 3.15 லட்சம் பேர், அதில் 2 லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள். அதாவது அந்த நாட்டுக்குப் போகும் கூட்டத்தில் பெரும்பங்கு நாம்தான். நாம் எப்படிப் போகிறோம் என்பது அவர்களுடைய பள்ளத்தாக்குகளை நேரடியாகப் பாதிக்கிறது.

இப்போது இந்தியர் ஒருவர் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் அந்நாட்டு அரசுக்குக் கட்டுகிறார். மற்ற நாட்டினருக்கு அது 2022 செப்டம்பரில் 200 டாலராக ஏறி, அடுத்த ஆண்டு 100 டாலராகக் குறைக்கப்பட்டது. நமக்குக் கிடைத்திருப்பது பெரிய சலுகை. "இரவு கூடினால் கட்டணம் கூடுமே, வாடிக்கையாளர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவாரே" என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து எல்லை வரை வந்து சேரவே விமானக் கட்டணமும் இரண்டு நாளும் போய்விடுகின்றன. அது ஐந்து இரவு தங்கினாலும் ஒன்பது இரவு தங்கினாலும் ஒன்றுதான். அவ்வளவு தூரம் வந்தவரை மூன்று ஊரோடு திருப்பி அனுப்புவதுதான் அவருக்கு நஷ்டம்.

சரி, கைடு விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலின் பாதிப் பாரம் அதில்தான் இருக்கிறது.

உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளுக்குப் போக உரிமம் பெற்ற பூட்டானிய வழிகாட்டி கூட இருக்க வேண்டும் என்பது விதி. பல திட்டங்களில் இதை ஒரு செலவாகத்தான் கணக்கிடுகிறீர்கள். குழுவை நடத்துபவர் நம் ஊர் டூர் மேனேஜர். கைடு முன் சீட்டில் உட்கார்ந்து, நுழைவுச் சீட்டு வாங்கி, ஹோட்டலில் சாவி பிரித்துக் கொடுப்பவராகிவிடுகிறார். புனாகா ஜோங்கின், அதாவது கோட்டையும் மடாலயமும் சேர்ந்த கட்டடத்தின், பெரிய கூடத்தில் புத்தரின் வாழ்க்கையைச் சொல்லும் சுவரோவியங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு கைடு அந்தக் கதையை மெல்ல ஆரம்பித்தபோது, "சாப்பாடு ஆறிடும், சீக்கிரம்" என்று பின்னாலிருந்து குரல் வந்ததை நான் கேட்டேன். அவர் புன்னகைத்து, பேச்சை நிறுத்திக்கொண்டு, குழுவை வெளியே நடத்திப் போனார். அந்தக் குழு யாருடையது என்பது இங்கே முக்கியமில்லை. அன்று அவர்கள் கேட்காமல் போனது என்னென்ன என்பதைச் சொல்கிறேன்.

புனாகா ஜோங்கைக் கட்டியவர் ஷப்துருங் நகாவாங் நம்கியால். திபெத்திலிருந்து வந்த லாமா. தனித்தனிப் பள்ளத்தாக்குகளாகக் கிடந்த நிலத்தை ஒரே நாடாக்கியவர் அவர்தான். போ சூ, மோ சூ என்ற இரண்டு ஆறுகள், ஒன்று ஆண், மற்றது பெண், சேரும் முனையில் 1637இல் வேலை தொடங்கியது. 1651இல் அவர் இறந்தார். நாடு சிதறிவிடக் கூடாது என்று அந்த மரணத்தைச் சுமார் அரை நூற்றாண்டு வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். தனிமைத் தியானத்தில் இருக்கிறார் என்றே மக்களுக்குச் சொல்லப்பட்டது. அவர் உடல் இன்றும் அதே ஜோங்கில் ஒரு சன்னதிக்குள் இருக்கிறது. மன்னரும், தலைமைத் துறவியான ஜே கென்போவும், அதைக் காக்கும் துறவிகளும் தவிர யாருக்கும் உள்ளே போக அனுமதி இல்லை. 1907இல் முதல் மன்னர் உக்யென் வாங்சுக் முடிசூடியதும் இங்கேதான். 1994இல் வடக்கே ஒரு பனியாற்று ஏரி உடைந்து வெள்ளம் வந்து ஜோங்கின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. குளிர்காலம் வந்தால் திம்புவிலிருந்து துறவிகள் கூட்டமாக இங்கே இடம்பெயர்கிறார்கள். இது நூற்றாண்டுகளாக நடக்கும் இடமாற்றம். இத்தனையும் அந்தக் கைடுக்குத் தெரியும். இதைப் படித்துத் தேர்வெழுதி வந்தவர் அவர். பலருக்கு அது படிப்பு மட்டுமல்ல, தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்த கதை.

கொரோனா காலத்தில், 2020 மார்ச்சிலிருந்து 2022 செப்டம்பர் வரை, அந்த நாடு பயணிகளுக்கு மூடிக் கிடந்தது. அந்தச் சமயத்தில் கைடுகள் பலர் வேலை இழந்தார்கள். நிறைய இளைஞர்கள் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள், இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் இந்தத் தொழிலில் நிற்பவர்களை நாம் சாவி கொடுக்கும் ஆளாக நடத்தினால், அடுத்த தலைமுறை ஏன் இதற்கு வரும்? நல்ல கைடைக் கேட்டு வாங்குங்கள். அவருக்கு நியாயமான கூலி போகிறதா என்று அங்குள்ள உங்கள் கூட்டாளி நிறுவனத்திடம் விசாரியுங்கள். கடைக்குக் கூட்டிப் போய்த் தரகு வாங்கித்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலையில் அவரை வைக்காதீர்கள். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை உங்கள் மேனேஜர் தமிழில் சொல்லட்டும், அதற்குத்தான் அவர் வேண்டும். காலையில் வண்டி கிளம்பியதும் முதல் அரை மணி நேரம் மைக் கைடின் கையில் இருக்கட்டும். சினிமாப் பாட்டும் அந்தாக்ஷரியும் திரும்பி வரும் வழியில் பாடிக்கொள்ளலாம். அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்தது திருவிழா. பூட்டானின் பண்பாட்டை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் செச்சு என்ற விழாவுக்குப் போக வேண்டும். குரு ரின்போச்சே, நாம் பத்மசம்பவர் என்று அறியும் மகான், அவர் நினைவாகச் சந்திர மாதத்தின் பத்தாம் நாளை ஒட்டி இது நடக்கும். பாரோவில் வசந்தத்தில், திம்புவில் இலையுதிர் காலத்தில், மற்றபடி ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு ஊரில். பாரோ செச்சுவின் கடைசி நாள் விடியற்காலையில் தோங்ட்ரெல் என்ற மிகப் பெரிய துணி ஓவியத்தை விரிப்பார்கள். சூரிய ஒளி அதன்மீது படுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஊரே இருட்டில் எழுந்து, இருப்பதில் நல்ல உடையை உடுத்திக்கொண்டு வந்து நிற்கும்.

முகமூடி ஆட்டங்களில் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடக்கூடிய ஒன்று இருக்கிறது. ராக்ஷா மாங்சாம். இறந்தவர்களுக்கு யமன் தீர்ப்புச் சொல்லும் ஆட்டம். ஷிஞ்சே என்ற பெயரில் வருவது நம் யமதர்மராஜாவேதான். வெள்ளைத் தேவன் ஒருவன் இறந்தவனின் நல்லதை எடுத்துச் சொல்வான், கறுப்பு அரக்கன் ஒருவன் கெட்டதைச் சொல்வான். வெள்ளைக் கல்லும் கறுப்புக் கல்லும் தராசில் ஏறும். சித்திரகுப்தன் கணக்கைக் கேட்டு வளர்ந்த நம் பாட்டிமார்களுக்கு இதை யாரும் விளக்கவே வேண்டாம். ஆனால் இது மணிக்கணக்காக ஓடும். முழுதாகப் பார்த்தால்தான் கூட்டம் ஏன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். இறந்த பிறகு எதிரே வரப்போகும் அந்தப் பயங்கர முகங்களை உயிரோடு இருக்கும்போதே பார்த்துப் பழகிக்கொண்டால் அப்போது அஞ்ச வேண்டியதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. இருபது நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு, "மீதி டைம் ஷாப்பிங்" என்று நகர்த்தப்படுபவருக்கு இது எப்படி எட்டும்? விழா நாளன்று வேறு எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள்.

நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. அந்தச் சமயத்தில் பெரிய விழா எதுவும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பும்தாங் மாவட்டத்தின் ஊரா என்ற கிராமத்தில் யாக்சோ என்ற விழா பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வரும். சந்திர நாள்காட்டிப்படி தேதி மாறும் என்பதால் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இப்போது பெலே லா. சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தக் கணவாய்தான் மேற்கு பூட்டானையும் நடு பூட்டானையும் பிரிக்கிறது. உங்கள் வண்டிகளில் பெரும்பாலானவை இதற்கு முன்பே திரும்பிவிடுகின்றன. கணவாய்க்கு இந்தப் பக்கமே, பிரதான சாலையிலிருந்து விலகி, போப்ஜிகா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அதற்கும் போவதில்லை.

போப்ஜிகா சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் சதுப்புப் புல்வெளி. அக்டோபர் கடைசியிலிருந்து திபெத்தியப் பீடபூமியின் கருங்கழுத்துக் கொக்குகள் இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கும். வரும்போதும் போகும்போதும் மேட்டில் இருக்கும் காங்தே மடாலயத்தை மூன்று முறை வலம்வரும் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். மின்சாரம் வந்தபோது கம்பியில் கொக்கு அடிபட்டுவிடக் கூடாது என்று கம்பிகளை மண்ணுக்கு அடியில் பதித்தார்கள். உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைக்கும் குடியானவர்களின் பள்ளத்தாக்கு இது. சதுப்பை வடித்து வயலாக்கினால் அவர்களுக்குக் கூடுதல் வருமானம் வந்திருக்கும். அப்படிச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று மடாலய முற்றத்தில் கொக்குத் திருவிழா, பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேடம் கட்டி ஆடுவார்கள். இங்கே ஓர் இரவு ஒரு பண்ணை வீட்டில் தங்க வையுங்கள். புகாரி என்ற கணப்படுப்பைச் சுற்றி வீட்டுக்காரம்மாவோடு உட்கார்ந்து, உப்பும் வெண்ணெயும் போட்ட சுஜா தேநீர் குடிக்கும் ஒரு மாலை, திம்புவில் நான்கு இடம் பார்ப்பதைவிட மேல். ஹோம்ஸ்டேயில் வசதி குறைவுதான். முன்பே சொல்லிவிட்டால் நம் ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள். சொல்லாமல் கூட்டிப்போனால்தான் சண்டை வரும்.

கணவாயைத் தாண்டினால் டிரோங்சா. ஆழமான பள்ளத்தின் அக்கரையில், மலைச் சரிவில் ஜோங் கண்ணெதிரே தெரியும். ஆனால் சாலை மலையின் மடிப்புக்குள் போய்ச் சுற்றி வந்துதான் அதை அடையும். ஒரு காலத்தில் கிழக்குக்கும் மேற்குக்கும் இருந்த ஒரே பாதை இந்த ஜோங்கின் முற்றத்தின் வழியாகவே போயிற்று. கதவை மூடினால் நாடே இரண்டாகிவிடும். இங்கே ஆண்ட பென்லோப்பின், அதாவது ஆளுநரின், கை ஓங்கியதும், அந்த வம்சமே பின்னால் அரச வம்சம் ஆனதும் ஏன் என்று புரிய, அந்த வளைவில் வண்டியை நிறுத்தி ஒரு பத்து நிமிடம் கைடைப் பேச விட்டால் போதும். இன்றும் பட்டத்துக்கு வருபவர் முதலில் டிரோங்சா பென்லோப் ஆக வேண்டும்.

அங்கிருந்து பும்தாங். எனக்குப் பூட்டானில் மனதுக்கு மிக நெருக்கமான இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். சூமே, சோகோர், டாங், ஊரா என்று நான்கு பள்ளத்தாக்குகள். சாலையில் முதலில் வருவது சூமே. அங்கே சுங்னே கிராமத்தில் பெண்கள் தறியில் உட்கார்ந்து யாத்ரா என்ற கம்பளித் துணி நெய்கிறார்கள். கோணக்கோணமான கோலங்களும் ஆழ்ந்த சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். உங்கள் குழுவினர் நினைவுப் பொருள் வாங்காமல் வர மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். திம்பு, பாரோ கடைகளில் இருப்பவற்றில் பல எல்லைக்கு வெளியே இயந்திரத்தில் செய்து வருபவை. அந்தப் பணம் சுங்னேயின் தறிக்காரிக்குப் போகட்டுமே.

சோகோர் பள்ளத்தாக்கில் ஜம்பே லாகாங் என்ற கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திபெத்திய அரசர் சோங்ட்சென் கம்போ, இமயம் முழுவதும் மல்லாந்து கிடந்த ஓர் அரக்கியை அசையாமல் அழுத்திவைக்க ஒரே நாளில் 108 கோயில்கள் கட்டினாராம். பாரோவில் இருக்கும் கிச்சு லாகாங் அவளுடைய இடது பாதத்தின்மேல், ஜம்பே இடது முழங்காலின்மேல். பாரோவில் கிச்சுவைப் பார்த்துவிட்டு ஜம்பேயைப் பார்க்காமல் திரும்புபவர் கதையை நடுவிலேயே விட்டுவிட்டு வருகிறார். பக்கத்திலேயே குர்ஜே, குரு ரின்போச்சே தியானம் செய்து உடல் பதிந்த பாறை. ஆற்றுக்கு அக்கரையில் டாம்ஷிங், 1501இல் பெமா லிங்பா என்ற பூட்டானிய மகான் கட்டியது. அவர் கையால் செய்ததாகச் சொல்லும் ஓர் இரும்புச் சங்கிலிச் சட்டை அங்கே இருக்கிறது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு கருவறையை மூன்று முறை சுற்றினால் பாவம் தீரும் என்பார்கள். நல்ல கனம். வயசானவர்கள்கூட ஆசையோடு ஒரு சுற்றாவது போய்விட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இதே பெமா லிங்பா டாங் பள்ளத்தாக்கின் ஒரு மடுவில் எரியும் விளக்கோடு குதித்தார் என்பது அவர்கள் கதை. குரு மறைத்துவைத்த புதையல் அங்கே இருப்பதாக அவர் சொன்னபோது ஊர் நம்பவில்லை. நான் பொய்யனானால் இங்கேயே சாகிறேன், மெய்யனானால் விளக்கு அணையாமல் வருகிறேன் என்று குதித்து, புதையலோடும் எரிகிற விளக்கோடும் வெளியே வந்தாராம். மேபார்சோ என்ற அந்த இடத்தில் இன்றும் மக்கள் விளக்கேற்றி வைக்கிறார்கள். பாறை வழுக்கும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு பண்ணை வீட்டில் பூதா, கோதுமைக்குப் பதில் பக்வீட் என்ற தானியத்தின் மாவில் பிழியும் நூல், மதியச் சாப்பாட்டுக்கு. நம் இடியாப்ப உழக்குபோல ஒரு கருவியில் வைத்து, ஆனால் அதன்மேல் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்து அழுத்துகிற அளவு பெரிதாக. பெண்கள் அதைச் செய்வதைக் கண்டால் நம்மூர் அம்மாக்கள் தாங்களும் கைவைக்காமல் விட மாட்டார்கள்.

சாப்பாடு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். "தினமும் தென்னிந்திய உணவு, கூடவே நம் சமையல்காரர்" என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். சைவக்காரர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அது பெரிய ஆறுதல், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று வேளையும் அதுவே என்றால், அந்த ஊர் வீட்டு அடுப்பு எதையும் நாம் தொடவே இல்லை என்று ஆகிறது. எமா தாட்ஷி என்பது மிளகாயையே காயாக வைத்துப் பாலாடைக்கட்டியில் வேகவைத்தது. காரத்துக்கு அஞ்சாத நமக்கு அது அந்நியமே இல்லை. காரம் வேண்டாதவருக்குக் கெவா தாட்ஷி, உருளைக்கிழங்கு. பாரோவின் சிவப்பரிசிச் சோறு. எல்லாம் சைவம். ஒரு நாளைக்கு ஒரு வேளை அவர்கள் சாப்பாடு என்று வைத்துப் பாருங்கள்.

டாக்ட்சாங், புலிக்கூடு, எல்லாத் திட்டத்திலும் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். குரு ரின்போச்சே பெண்புலிமீது ஏறி வந்து தியானம் செய்ததாகச் சொல்லும் குகையைச் சுற்றி 1692இல் கட்டப்பட்டு, 1998இல் தீயில் எரிந்து, மறுபடி அதே வடிவில் எழுப்பப்பட்ட கோயில். பாரோ பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையில் இருக்கிறது. ஆனால் இதை ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் அரை நாளில் அடைக்காதீர்கள். முழு நாள் கொடுங்கள். ஏற முடியாதவர்கள் பாதி வழியில் இருக்கும் உணவகத்தோடு நின்றாலும் கோயில் எதிரே தெரியும். அவர்களை அவசரப்படுத்தவோ, "நீங்க வரலையா?" என்று கூச்சப்பட வைக்கவோ வேண்டாம்.

நடந்துகொள்ளும் விதம் பற்றிச் சொல்வது கொஞ்சம் சங்கடமானது, இருந்தாலும் சொல்கிறேன். 2019இல் டோச்சுலா கணவாயில் இந்தியப் பயணி ஒருவர் சோர்ட்டென் என்ற பௌத்த ஸ்தூபியின் மீது ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டது அங்கே எவ்வளவு மனவருத்தத்தை உண்டாக்கியது என்று நீங்கள் அறிவீர்கள். அந்த 108 சோர்ட்டென்கள், 2003இல் நாட்டின் தெற்கே முகாமிட்டிருந்த இந்தியத் தீவிரவாதக் குழுக்களை எதிர்த்து நடந்த சண்டையின் நினைவாக ராணித்தாய் எழுப்பியவை. இந்தியாவுக்குள் தாக்குதல் நடத்திய குழுக்களை அப்புறப்படுத்தப் போனவர்களின் நினைவிடம். இதை ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அங்கே ஏற யாருக்கும் மனசு வராது. கிளம்புவதற்கு முன் ஒரு மாலை எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசுங்கள். சோர்ட்டெனையும் மணி என்ற பிரார்த்தனைச் சக்கரத்தையும் வலப்புறமாகச் சுற்றுவது, கோயிலுக்குள் படம் எடுக்காதது, ஜோங்குக்குள் தொப்பியைக் கழற்றி, கை கால் மூடிய உடையில் போவது, பௌத்த பிக்குவின் தோளில் கை போட்டு செல்ஃபி கேட்காதது. இவை ஒன்றும் கடினமில்லை, நம் கோயிலில் நாம் எதிர்பார்ப்பதுதான்.

புனாகா பக்கத்திலுள்ள சிமி லாகாங்கைப் பற்றியும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். ட்ருக்பா குன்லே என்ற விந்தையான ஞானியின் கோயில் அது. சுற்றியுள்ள வீட்டுச் சுவர்களில் ஆண்குறி வரைந்திருக்கும், கண்ணேறு கழிக்க, தீமையை விரட்ட. பிள்ளை வரம் வேண்டி எங்கிருந்தோ எல்லாம் தம்பதிகள் வருகிறார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் குடும்பத்தோடு போய் நிற்பவர்கள் கூச்சத்தில் சிரிக்கிறார்கள். அங்கே கண்ணீரோடு கும்பிட்டுக்கொண்டிருக்கும் பெண்ணின் காதில் அந்தச் சிரிப்பு விழுகிறது. லிங்க வழிபாடு தெரிந்த நமக்கு இதை மரியாதையோடு புரியவைப்பது எளிது.

இன்னொன்று. பூட்டான் "மகிழ்ச்சியின் நாடு" என்று எல்லா விளம்பரத்திலும் எழுதுகிறீர்கள். அந்த ஒரு வரியில் அந்த நாடு அடங்காது. தெற்கில் வாழ்ந்த நேபாளி மொழி பேசும் லோட்ஷாம்பா மக்களில் சுமார் ஒரு லட்சம் பேர், 1985 குடியுரிமைச் சட்டத்துக்கும் அதைத் தொடர்ந்த நடவடிக்கைகளுக்கும் பின், 1990 வாக்கில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பல்லாண்டுகள் கிழக்கு நேபாள முகாம்களில் இருந்து, 2007க்குப் பிறகு பெரும்பாலோர் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் குடியமர்ந்தார்கள். கைடிடம் இதைக் கேட்டு அவரைத் தர்மசங்கடப்படுத்த வேண்டாம். ஆனால் உங்கள் குழுவுக்கு நீங்கள் கொடுக்கும் குறிப்புகளில் இது ஒரு பத்தியாவது இருக்கட்டும். ஒரு மக்களை நேசிப்பவர்கள் அவர்கள் வரலாற்றை முழுசாகத்தான் அறிய வேண்டும். கல்வி, மருத்துவம் இலவசமாகக் கிடைப்பதும், நிலத்தில் 60 விழுக்காடாவது காடாக இருக்க வேண்டும் என்று 2008 அரசியலமைப்பு சொல்வதும், அதைவிட அதிகக் காட்டை அவர்கள் வைத்திருப்பதும் அதே நாட்டின் கதைதான்.

இதையெல்லாம் ஒரு திட்டமாகப் போட முடியுமா என்றால், முடியும். பாரோவில் இரண்டு இரவு, திம்புவில் ஒன்று, புனாகாவில் ஒன்று, போப்ஜிகாவில் ஒன்று, பும்தாங்கில் மூன்று. போகும்போது டிரோங்சாவில் மதியம். திரும்பும்போது அதே மலைச்சாலை வேண்டாம் என்பவர்களுக்குப் பும்தாங்கிலிருந்து பாரோவுக்கு உள்நாட்டு விமானம் இருக்கிறது. வானிலையைப் பொறுத்து ரத்தாகும், அதனால் ஒரு நாள் கையிருப்பு வேண்டும். உடம்பு தாங்குபவர்களுக்கு இன்னொரு வழி: ஊராவிலிருந்து 3,700 மீட்டருக்கும் மேலான துரும்ஷிங் லா கணவாயைத் தாண்டி மோங்கார், டிராஷிகாங், அப்படியே தெற்கே இறங்கி சம்துருப் ஜோங்கார் வழியாக அசாம், கௌஹாத்தியில் விமானம். ஷார்சோப் மக்களின் கிழக்கு பூட்டான் முழுவதும் அந்தச் சாலையில் வந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம், மண்சரிவு.

எல்லோருக்கும் இந்த நீண்ட பயணம் ஒத்துவராது. விடுப்பு கிடைக்காதவர், கையில் பணம் அளவாக இருப்பவர், உயரம் ஒத்துக்கொள்ளாதவர் இருப்பார்கள். அவர்களுக்கு ஐந்து இரவுத் திட்டத்தை வையுங்கள். ஆனால் அதிலும் திம்புவில் இடங்களைப் பாதியாகக் குறைத்து, பாரோ பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை வீட்டு மாலையைச் சேர்க்க முடியும். தலைப்பில் பண்பாடு என்று போட்ட திட்டத்தை மட்டுமாவது பெலே லாவுக்கு அப்பால் கொண்டுபோங்கள்.

அடுத்த பருவத்துக்கான அறிவிப்புகளை அச்சடிக்கும்போது மூன்று விவரங்களைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்: ஒவ்வொரு நாளும் வண்டியில் எத்தனை மணி நேரம், எந்தெந்த இரவுகள் ஹோட்டலில், எவை கிராமத்து வீட்டில், குழுவோடு வரப்போகும் பூட்டானிய கைடின் பெயரும் அனுபவமும். இவை இருந்தால் உங்கள் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்க என் நண்பர்களுக்கு விலை தவிர வேறு அளவுகோலும் கிடைக்கும். அப்படி ஒரு திட்டம் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் முதல் பக்கத்தில் போடுங்கள். என்னிடம் கேட்பவர்களுக்கு அதைத்தான் சொல்லுவேன்.

அன்புடன்,
பூட்டானை நேசிக்கும் ஒரு பயணி